நீற்றுப் பானையில் இருக்கும் நெருப்பு

அச்சங்குளத்திலிருந்து அன்பர் ஒருவர், “நெருப்பே வைக்காமல் சுண்ணாம்புக் கல் தண்ணீரில் எப்படிக் கொதிக்கிறது?” என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

நெருப்பு முன்னமேயே வைத்தாயிற்று. பந்தல்குடிப் பக்கம் வெட்டியெடுக்கும் கல்லைப் போன்ற சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் கரியோடு அடுக்கி, ஏறத்தாழ 900 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால், 100 கிலோ சுத்தமான கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு பிரிந்துபோக, 56 கிலோ கால்சியம் ஆக்ஸைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, எஞ்சும். எஃகு உலையில் கசடு பிரிக்கவும், கரும்புச் சாற்றைத் தெளிவிக்கவும், பதனிடும் தோலில் ரோமம் களையவும் அது வேண்டும்.

என் மனம் போய் நிற்பதோ நீற்றுப் பானையில்தான். தை பிறக்குமுன் பாட்டி முற்றத்தில் மண்பானையில் சுட்ட கல்லைப் போட்டுத் தண்ணீர் வார்ப்பாள். சற்று நேரம் சும்மா கிடந்த கல், பிறகு சுர்ரென்று ஜலத்தை உறிஞ்சி, விண்டு, பூவாக மலர்ந்து, பானையே அதிரும்படி கொதிக்கத் தொடங்கும். ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு விடுகிற உஷ்ணம், சிதறாமல் சேருமானால், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கல் பிளவுபடுகையில் காளவாசலில் உட்கொண்ட உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானது இப்படிப் பானையிலே திரும்பிவிடுகிறது. மிச்சம், வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி கல்லாகும் நாட்களில், தொட்டாலும் தெரியாத நிதானத்தில் வெளிப்படுகிறது. இந்தக் கணக்கைப் படித்த அன்று, எங்கள் வீட்டுச் சுவரை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பானைமேல் குனியாதேடா, கண்ணு போயிரும்” என்பாள் பாட்டி. அது வெறும் மிரட்டலன்று; ஒரு துளி தெறித்தாலும் விழியின் படலம் வெந்து வெளுத்துவிடும். இன்றும் சுண்ணாம்பு மூட்டை சுமப்போர் கண்ணாடியோ கையுறையோ இன்றி, தேங்காயெண்ணெயை மட்டும் கையில் தடவிக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கையில் நெஞ்சு பொறுக்கவில்லை. கூலி கொடுப்பவர் கண்ணாடியையும் கையுறையையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். சாரல் அடிக்கும் திண்ணையில், வைக்கோலுக்கும் பட்டாசுக் காகிதக் குழாய்க்கும் அருகே அம்மூட்டையைப் போட்டுவைக்கிறவர்களும் உண்டு. நனைந்த சுண்ணாம்பின் சூட்டிலேயே வைக்கோல் பற்றிக்கொள்ளக்கூடும்.

மறுநாள் காலையில் பானை ஆறி, உள்ளே தயிர்போலத் திரண்டிருக்கும். பாட்டி அதைத் துணியில் வடிகட்டி, வச்சிரமும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, நார் மட்டையை என் கையில் கொடுப்பாள்.