பெண்ணுரிமை என்னும் சொல்

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் என்னும் நகரம் உள்ளது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அந்நகர், 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஆடித் திங்களில் அங்கு நடைபெறும் தபசுத் திருவிழா தென்பாண்டி நாட்டில் பெரும் புகழ் பெற்றது. அரியும் அரனும் ஒருவரே என்பது விளங்குமாறு கோமதியம்மை தவம் புரிந்தாள் என்றும், அத்தவத்திற்கு இரங்கி இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்தான் என்றும் தலபுராணம் கூறும். அக்காட்சியைக் காண ஊர் ஊராகப் பெண்கள் திரண்டு வருவர்.

அக்கூட்டத்தில் அருகருகே நிற்கும் பெண்கள் நால்வரை மனக்கண்ணால் காண்போம். ஒருத்தி வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுபவள். ஒருத்தி தறிக்குத் தார் சுற்றித் தருபவள். ஒருத்தி பிறர் வயலில் களை எடுப்பவள். மற்றொருத்தி பேருந்து ஏறிக் கல்லூரிக்குச் செல்பவள். "பெண்ணுரிமை என்பது யாது?" என்று இவர்களைக் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

"நான் சுற்றிய பீடியைக் குறைக்காமல் எண்ண வேண்டும், பாஸ் புத்தகம் என் பெயரிலேயே இருக்க வேண்டும்" என்பாள் முதல்வள். "சேலைக்குரிய கூலி தறியில் அமர்ந்தவர் பெயரில் எழுதப்படுகிறது, தார் சுற்றிய என் உழைப்பு எவர் கணக்கில் சேரும்?" என்று கேட்பாள் இரண்டாமவள். "ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, எனக்கு ஒரு கூலி ஏன்?" என்பாள் மூன்றாமவள். "படிப்பு முடியுமுன் திருமணப் பேச்சை எடுக்காதிருந்தால் போதும்" என்பாள் மாணவி.

இவற்றுள் எது சரியான விடை? நான்குமே சரியானவை. ஆணும் பெண்ணும் மதிப்பில் ஒத்தவர். ஆதலின் பெண் தன் வாழ்வைத் தானே ஆளும் உரிமை உடையவள். இதுவே பெண்ணியத்தின் அடிப்படை. இக்கொள்கை ஒன்றே. ஆனால் பெண்களைப் பிணித்துள்ள தளைகள் ஒன்றல்ல. குலம், வறுமை, சமயம், வழக்கம், தொழில் ஆகியவற்றால் அவை வேறுபடுகின்றன. எந்தத் தளை எவளை வருத்துகின்றதோ, அதனை அவிழ்ப்பதே அவளுக்கு உரிமையாகத் தோன்றும்.

தமிழ்நாட்டு வரலாறு இதற்குச் சான்று பகரும். 1886ஆம் ஆண்டில் பிறந்த சுப்புலட்சுமி அம்மையார், பிராமணக் குடும்பத்தினர். சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, விரைவில் கணவனை இழந்தவர். அந்நாளில் அக்குலத்துக் கைம்பெண்கள் பலருக்கு வீட்டின் ஒரு மூலையே உலகமாக இருந்தது. அவருடைய தந்தையார் அவரைப் படிக்க வைத்தார். 1911ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற அவர், தம்மைப் போன்ற சிறுமியர்க்குச் சென்னையில் தங்குமிடமும் கல்வியும் அளித்தார். அவர் கண்ட பெண்ணுரிமை கல்வியாகும்.

அதே 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். அவருடைய தாயார் தேவதாசிக் குலத்தில் தோன்றியவர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அவர்கள் ஆடலிலும் பாடலிலும் சிறந்திருந்தும், செல்வர் சிலரின் விருப்பத்திற்கு ஆட்பட்டு வாழ நேர்ந்தது. மருத்துவப் பட்டம் பெற்று, 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக விளங்கிய முத்துலட்சுமி, அவ்வழக்கத்தை ஒழிக்க அயராது முயன்றார். அவ்வாழ்வின் துன்பத்தைத் தாமே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று பேசியும் எழுதியும் அதே பணிக்குத் துணை நின்றார்.

ஆனால் அக்குலத்துப் பெண்கள் அனைவரும் இதனை ஏற்றனரோ? இல்லை. இசையரசியாகத் திகழ்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலானோர் எதிர்த்தனர். திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவுக்கோயில் எழுப்பியவர் அவரே. பிற குலப் பெண்கள் கனவிலும் காணாத சொத்துரிமையும் கலையறிவும் தேவதாசியர்க்கு இருந்தன. வழக்கத்தோடு அவையும் அழிந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சினர்.

ஒருசாரார் விடுதலை எனக் கண்டதை மற்றொரு சாரார் இழப்பு எனக் கண்டனர். இரண்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால், கோயிற்பணிக் கடமை நீக்கப்பட்டு, மானிய நிலங்கள் அப்பெண்களுக்கே உரியவையாயின. 1947ஆம் ஆண்டில் பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. சிறுமியர் காக்கப்பட்டது பெரும் நன்மை. எனினும், அக்கலைஞர் பலர் வறுமையுற்று மறக்கப்பட்டதையும் நாம் மறைத்தல் ஆகாது.

இனி, நிலமற்றோர் நிலையைக் காண்போம். 1926ஆம் ஆண்டில், தாழ்த்தப்பட்ட குலத்தில், நிலமில்லாத ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள் செகந்நாதன். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீயில் மாண்ட கொடுமை அவரைத் தஞ்சை மண்ணுக்கு ஈர்த்தது. நிலமில்லாதார்க்கு நிலம் பெற்றுத் தர 1981ஆம் ஆண்டில் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பெற்ற நிலங்களைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்யச் செய்தார். நிலம் தன் பெயரில் இருந்தால் பெண்ணை எவரும் எளிதில் வெளியேற்ற இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் கண்ட பெண்ணுரிமை ஒரு பட்டாவாகும்.

சொத்துடைய குடும்பங்களிலும் மகளுக்குப் பங்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் சம சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாவதற்கு 1989ஆம் ஆண்டு வரை, அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இந்தியா முழுமைக்கும் 2005ஆம் ஆண்டில்தான் அது வந்தது.

மீண்டும் சங்கரன்கோவிலுக்கு வருவோம். தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்ட அத்தொகுதியில் 2012ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் முத்துச்செல்வியும், 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் இராசலட்சுமியும் வெற்றி பெற்றுச் சட்டமன்றம் புகுந்தனர். இராசலட்சுமி அமைச்சராகவும் பணியாற்றினார். ஒரு பெண் அமைச்சரானது பெருமையே. ஆயினும், அதனால் பீடி சுற்றுபவளின் கணக்கு தானே சரியாகிவிடாது. 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது. ஒரே தன்மையான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என 1976ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஏட்டில் எழுதிய உரிமை கைக்கு வர, அவளும் அதனை அறிதல் வேண்டும். மற்றவரும் அவளுக்குத் துணை நிற்றல் வேண்டும்.

இங்கு நாம் தவிர்க்க வேண்டிய பிழைகள் இரண்டு. தனக்கு வேண்டியதே எல்லாப் பெண்களுக்கும் வேண்டியது எனக் கருதுவது ஒன்று. பெண்களே பலவாறு கூறுகின்றனர், ஆகவே பெண்ணுரிமை என ஒன்று இல்லை எனத் தள்ளுவது மற்றொன்று. பசித்தவன் சோறு கேட்கிறான்; தாகம் கொண்டவன் நீர் கேட்கிறான். கேட்பவை வேறு என்பதால் இருவருக்கும் தேவையே இல்லை என்று அறிவுடையோர் கூறுவரோ?

மாணவர்களே! இன்று மாலை வீடு சென்றதும், உங்கள் பாட்டியாரிடமும் அன்னையாரிடமும் ஒன்று கேளுங்கள்: "நீங்கள் விரும்பியும் உங்களுக்குக் கிட்டாமற் போனது எது?" பாட்டியார் ஒன்று கூறுவார், அன்னையார் வேறொன்று கூறுவார். குறுக்கிடாமல் கேளுங்கள். பின்னர், உங்கள் வீட்டில் உங்கள் தங்கைக்கு அதே குறை நேருகின்றதா என நோக்குங்கள். நேருமாயின், அதனைக் களைய முற்படுங்கள். பெண்ணுரிமை என்னும் சொல்லுக்கு உங்கள் வீட்டில் என்ன பொருள் என்பது அப்போது உங்களுக்கு விளங்கும்.