ஜெர்மானியத் திராட்சை மது: கொடியும் ஊரும் சொல்லும்

கேலாங் சாலையோர டுரியான் கடைகளில் பழம் வாங்குவோர் மூன்று செய்திகளை அறிய விரும்புவர். இது எந்த வகை? எந்த ஊரில் விளைந்தது? எவ்வாறு பழுத்தது? 'மூசாங் கிங்' என்னும் வகைப்பெயரிலேயே கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் என்னும் ஊர் அடங்கியிருக்கிறது. மலேசியப் பழம் முற்றித் தானே மரத்திலிருந்து விழுவது. தாய்லாந்துப் பழம் பெரும்பாலும் வெட்டி இறக்கப்படுவது. ஜெர்மானியத் திராட்சை மதுப் புட்டியின் மேல் ஒட்டப்படும் சீட்டும் இம்மூன்று வினாக்களுக்கே விடை கூறுகிறது. அதனைப் பருகுமாறு பரிந்துரைப்பது இங்கு நோக்கமன்று. ஒரு நாட்டின் மண்ணும் மொழியும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அச்சீட்டின் வழியே காண்பதே நோக்கம்.

முதலில் ஊர். திராட்சைக்கு வெயில் வேண்டும். ஜெர்மனியின் தோட்டங்களோ 50ஆம் வட அட்சக்கோட்டை ஒட்டிய குளிர்நிலத்தில் உள்ளன. ஆகவே உழவர்கள் வெப்பத்தைத் தேடி ஆற்றங்கரைச் சரிவுகளை நாடினர். மோசல் ஆற்றுச் சரிவுகளிலுள்ள கருநிறப் பலகைக்கல், பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் கொடிக்கு வழங்குகிறது. அங்குள்ள கால்மொண்ட் சரிவின் சாய்வு ஏறத்தாழ 65 பாகை. ஏர்ப்பொறி ஏற முடியாத அவ்விடத்தில் மனிதக் கைகளே உழைக்கின்றன. நாட்டில் இத்தகைய விளைநில வட்டாரங்கள் 13. அவற்றுள் பரப்பிற் பெரியது ரைன்ஹெஸ்ஸன். எல்லாத் தோட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர்; அது சிங்கப்பூரின் நிலப்பரப்பினும் மிகுதி.

அடுத்தது கொடி. முதலிடம் ரீஸ்லிங் என்னும் வெண்திராட்சைக்கு உரியது. 1435ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே அதன் பெயர் காணப்படுகிறது. இன்று மொத்தப் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதற்குரியது. மெதுவாகப் பழுப்பதும், பழுத்த பின்னும் புளிப்பை இழக்காமையும் அதன் இயல்பு. ஃபிராங்கன் வட்டாரத்துக்குச் சில்வானர் பெருமை சேர்க்கிறது. முல்லர்-துர்காவ் 1882இல் ஹெர்மன் முல்லர் என்னும் அறிஞர் உருவாக்கிய கலப்பினம். செம்மது தருவனவற்றுள் ஷ்பேட்புர்குண்டர் முதன்மையானது.

மூன்றாவது கனிவு. பறித்த பழத்தின் சாற்றில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பதை அளந்தே உயர்தர மதுவைத் தரம் பிரிக்கின்றனர். கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ எனப் படிகள் உயர்கின்றன. 'லேஸ' என்றால் பறிப்பு. 'ஷ்பேட்லேஸ' பிந்திய பறிப்பு. 'அவுஸ்லேஸ' தேர்ந்த பறிப்பு. பறித்தலைக் குறிக்கும் 'லேசன்' என்னும் வினைச்சொல்லே அம்மொழியில் படித்தலையும் குறிக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இப்படிகள் கூறுவது பழத்தின் இனிப்பையே. புட்டியின் இனிப்பை அன்று. சர்க்கரை முழுவதும் நொதித்துவிட்டால் மிகக் கனிந்த பழத்தின் மதுவும் இனிக்காது. அவ்வாறு இனிப்பு அடங்கியதைச் சீட்டில் 'ட்ரோக்கன்' என்று குறிப்பர். அகராதியில் அச்சொல்லுக்கு 'உலர்ந்த' என்பது பொருள். ஆனால் 'உலர்ந்த மது' என மொழிபெயர்த்தால் தமிழில் அது பொருளற்ற தொடராகும். தரவரிசையின் உச்சியில் உள்ளதோ 'ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸ'. கொடியிலேயே வற்றிச் சுருங்கிய கனிகளைத் தேர்ந்து பறித்தது என்று அதனை விரிக்கலாம். அது தேனை ஒத்த இனிப்புடையது! ஒரே சொல் ஓரிடத்தில் இனிப்பின்மையையும், மற்றோரிடத்தில் இனிப்பின் எல்லையையும் சுட்டுகிறது. முன்னதை 'இனிப்பற்ற' என்றும், பின்னதை 'வற்றிய கனி' என்றும் பெயர்ப்பதே தகும். இதனை அகராதி மட்டும் கற்பிக்காது. தோட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர் வழிதவறச் செய்வதற்குத் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் அறிவியல் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. ஹாம்பர்க் ஜெர்மானிய நகரமாயினும், இவ்வினம் உருவானது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். எனினும் உறவு முற்றிலும் பொய்யன்று: இதன் பெற்றோரில் ஒன்று, ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் இன்றும் 'ட்ரோலிங்கர்' என்னும் பெயரில் பயிராகிறது.

நிறைவாக, பொருள் விலகிச் செல்லும் ஒரு சொல். கொடியிலேயே பனியில் உறைந்த பழங்களை உறைந்தவாறே பிழிந்து பெறுவது 'ஐஸ்வைன்'. நீர் பனிக்கட்டியாகத் தங்கிவிட, செறிந்த சாறு மட்டும் வடியும். இதற்குச் சுழியத்திற்குக் கீழ் 7 பாகைக் குளிராவது வேண்டும். 2019ஆம் ஆண்டு விளைச்சலில் 13 வட்டாரங்களில் ஒன்றிலும் அக்குளிர் வாய்க்கவில்லை. நாடு முழுவதும் ஐஸ்வைன் பொய்த்தது அதுவே முதன்முறை. குளிர்காலங்கள் தொடர்ந்து மெலியுமாயின், அச்சொல் அகராதியில் இருக்கும்; அதன் பொருளை விளக்க வரும் ஆசிரியர் பனியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.