காருக்குள் எல்இடி கலரை மாற்றப் போறீங்களா? பல்பு முதல் ஃபைன் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

கார் கூரையில் இருக்கும் பழைய மஞ்சள் பல்பைக் கழட்டிவிட்டு நீல எல்இடி மாட்ட ஐந்து நிமிஷம் போதும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சில நூறு ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். கால் வைக்கும் இடத்திலும் டேஷ்போர்டு ஓரத்திலும் ஒட்டுகிற கலர் ஸ்ட்ரிப் லைட்டும் அப்படித்தான். கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம் மாதிரி ஊர்களில்கூட இன்றைக்கு கல்யாண வண்டி, வாடகை கார், சொந்த கார் என்று பல வண்டிகளுக்குள் நீலமும் ஊதாவும் எரிவதைப் பார்க்கலாம்.

வண்டி நிற்கும்போது இது அழகுதான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலமோ சேத்தியாத்தோப்போ நோக்கி ராத்திரி கிளம்பினால் கதை வேறு. ஊரைத் தாண்டினால் பல இடங்களில் வண்டியின் ஹெட்லைட்டைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. முன்னால் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் போகலாம், ரோட்டோரம் மாடு படுத்திருக்கலாம். அந்த நேரத்தில் காருக்குள் எரியும் விளக்கு, வெளியே இருப்பதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். கலரை மாற்றும் முன் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

எல்இடியின் கலரை 'மாற்ற' முடியுமா?

ஒரே நிறத்தில் எரியும் எல்இடியின் கலரை மாற்ற முடியாது. அதைக் கழட்டிவிட்டு வேறு நிற எல்இடியைத்தான் போட முடியும்.

பழைய குண்டு பல்பு எல்லா நிற ஒளியையும் சேர்த்தே தரும். அதன் மேல் சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டினால் சிவப்பு மட்டும் வெளியே வரும். எல்இடி அப்படி இல்லை. உள்ளே இருக்கும் குறைகடத்தி சில்லு எந்தப் பொருளால் ஆனதோ, அதுதான் நிறத்தை முடிவு செய்கிறது. பீங்கானுக்குப் பெயர் போன விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோபால்ட் கலந்த மெருகு பூசி சூளையில் சுட்ட பீங்கான் நீலமாகத்தான் வரும். சுட்டு எடுத்த பிறகு அதை சிவப்பாக்க முடியாது. எல்இடிக்கும் ஃபேக்டரியிலேயே நிறம் முடிவாகிவிடுகிறது.

சிவப்பு எல்இடி 1960களிலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்குத்தான் 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு நாம் பார்க்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல சில்லுதான். அதன் மேல் மஞ்சள் நிற பாஸ்பர் பூச்சு இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

அதனால்தான் வெள்ளை எல்இடி மேல் நீலத்தாள் ஒட்டினால் பளிச்சென்று வரும், சிவப்புத்தாள் ஒட்டினால் மங்கலாக, அழுக்கு மாதிரி வரும். அந்த வெளிச்சத்தில் சிவப்பு பங்கு குறைவு. நீல எல்இடி மேல் எந்தத் தாளை ஒட்டினாலும் சிவப்பு வராது, இருட்டுதான் வரும்.

அப்படியென்றால் ரிமோட்டில் கலர் மாறும் ஸ்ட்ரிப்? அதில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சில்லுகள் இருக்கின்றன. எது எவ்வளவு எரிய வேண்டும் என்பதை மட்டும் கண்ட்ரோலர் மாற்றுகிறது. இதைத்தான் ஆர்ஜிபி என்கிறார்கள். பென்ஸ் காரில் 64 கலர் என்று விளம்பரம் செய்வதும், சில கியா, எம்ஜி மாடல்களில் ஆம்பியன்ட் லைட் என்று வருவதும் அடிப்படையில் இதே வேலைதான். கம்பெனியே கொடுத்த ஆம்பியன்ட் லைட் உங்கள் காரில் இருந்தால் எதையும் கழட்ட வேண்டாம். டச் ஸ்கிரீன் செட்டிங்ஸில் கலரும் இருக்கும், வெளிச்ச அளவும் இருக்கும்.

ரூம் லைட் மாற்றுவது எப்படி?

கூரை விளக்கில் பெரும்பாலும் இரண்டு வகை பல்புதான் வரும். இரண்டு முனையிலும் உலோகக் குப்பி உள்ள நீளமான பல்பு ஒன்று. இது 31, 36, 41 மில்லிமீட்டர் என்று பல நீளங்களில் கிடைக்கும். இன்னொன்று அடியில் தட்டையாக இருக்கும் டி10 பல்பு. பழசைக் கழட்டி அளந்து பார்த்த பிறகு வாங்குவது நல்லது. நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் பல்பு பிடிக்காமல் ஆடும், கூடினால் கிளிப் விரிந்துவிடும்.

சுவிட்சை அணைத்து, பழைய பல்பு சூடு ஆறியதும் பிளாஸ்டிக் மூடியை மெதுவாக நெம்பி எடுக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் கிளிப் மேல் பட்டால் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். புது எல்இடி எரியவில்லை என்றால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம், திருப்பி மாட்டிப் பாருங்கள். குண்டு பல்புக்கு பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை. எல்இடி ஒரு பக்கம்தான் மின்சாரத்தை விடும்.

சில கார்களில் எல்இடி போட்ட பிறகு சுவிட்சை அணைத்தாலும் லேசாக மினுங்கிக்கொண்டே இருக்கும். பழைய பல்பு 5 வாட் வரை எடுத்தது, எல்இடி அதில் ஐந்தில் ஒரு பங்குகூட எடுக்காது. அணைந்த நிலையில் லைனில் கசியும் சிறு மின்சாரமே அதற்குப் போதுமானதாகிவிடுகிறது. 'கேன்பஸ்' என்று எழுதி விற்கும் பல்பில் இதற்காகவே கூடுதல் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது சூடாகும். மூடி பிளாஸ்டிக் என்பதால் வாட் அதிகமான பல்பைத் தவிர்க்கலாம்.

மீட்டர் போர்டு, ஏசி சுவிட்ச் இவற்றின் கலரை மாற்றுவது வீட்டில் செய்கிற வேலை இல்லை. அங்கே எல்இடி நேராக சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். தவிர, சிவப்பு எல்இடிக்கு சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும். நிறம் மாறினால் ரெசிஸ்டரையும் பார்க்க வேண்டியிருக்கும். கைதவறினால் ஸ்பீடோமீட்டரே போய்விடும்.

ஸ்ட்ரிப் லைட்: ஆபத்து ஒயரில் இருக்கிறது

ரூம் பல்பு மாற்றுவதில் பெரிய ரிஸ்க் இல்லை. ஸ்ட்ரிப்தான் கவனிக்க வேண்டியது. மீட்டருக்கு 60 புள்ளிகள் கொண்ட ஆர்ஜிபி ஸ்ட்ரிப், மூன்று கலரும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் மீட்டருக்கு சுமார் 14 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 1 ஆம்பியருக்கு மேல். மூன்று மீட்டர் ஒட்டினால் மூன்றரை ஆம்பியர் வந்துவிடும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற வகை என்றால் பிரச்னை குறைவு. தேவையில்லாதபோது உருவிவிடலாம். பார்வைக்கு ஒயர் தெரியக் கூடாது என்பதற்காக, இருக்கிற ஒயரின் தோலைச் சீவி முறுக்கி டேப் சுற்றி லைன் எடுப்பதுதான் மோசமான வேலை. வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பின் பசை இளகிவிடும். வண்டி ஆடி ஆடி, ஒயர் உரசி, பாடியில் பட்டால் ஷார்ட். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து 'ஃபியூஸ் டேப்' போட்டு, தனி ஃபியூஸோடு லைன் எடுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சாவி ஆன் ஆனால் மட்டும் மின்சாரம் வரும் லைனாக இருக்கட்டும். சின்ன காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். மூன்றரை ஆம்பியர் ஸ்ட்ரிப்பை மறந்துபோய் ராத்திரி முழுக்க எரியவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கலர் லைட் போட்ட பிறகு ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் சிலர் சிவப்பு ஃபியூஸை எடுத்துவிட்டு நீல ஃபியூஸ் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கலருக்கு அர்த்தம் உண்டு: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. ஒயரின் தடிமன் 10 ஆம்பியருக்கு என்றால், ஃபியூஸ் போக வேண்டிய இடத்தில் ஒயர் எரியும். டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னும் இரண்டு இடங்கள். முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களிலும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் இருக்கலாம். அந்த வழியாக ஒயரைத் திணிக்கக் கூடாது, மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயரில் கை வைக்கவே கூடாது. டிரைவர் காலடியில் ஒட்டிய ஸ்ட்ரிப், பசை விட்டு பிரேக் பெடலுக்கு அடியில் தொங்குவதும் நடக்கிறது. அங்கே டேப் மட்டும் போதாது, கேபிள் டை போட்டுக் கட்ட வேண்டும்.

எந்த நிறம் கண்ணுக்கு நல்லது?

இருட்டில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் தனி செல்கள் இருக்கின்றன. அவை இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். நீலமும் பச்சையும் கலந்த நிறத்துக்குத்தான் அவை அதிகம் கூசும், அடர் சிவப்பை அவ்வளவாக உணராது. விமானத்தின் பைலட் அறையிலும் நீர்மூழ்கிக் கப்பலிலும் நீண்ட காலம் சிவப்பு விளக்கு வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். (சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தில் சிவப்பு மையால் போட்ட கோடு தெரியாமல் போகும் என்ற தொல்லையும் அவர்களுக்கு இருந்தது.) பிஎம்டபிள்யூ கார்களின் மீட்டர் பல வருஷம் ஆரஞ்சு கலந்த சிவப்பில் எரிந்ததையும் பலர் பார்த்திருப்பார்கள்.

இன்றைக்கு அதிகம் விற்பது நீலம். ஓட்டுகிறவர் கண்ணுக்கு அதுதான் மோசமான தேர்வு. வயது ஏற ஏற கண்ணின் லென்ஸில் ஒளி அதிகமாகச் சிதறும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் நீல வெளிச்சம் இன்னும் கூசும். கண்ணாடியில் விழும் பிம்பம் தனித் தொல்லை. டேஷ்போர்டு ஓரத்து ஸ்ட்ரிப் முன் கண்ணாடியில் ஒரு கோடாகத் தெரியும். கதவு ஸ்ட்ரிப், சைடு மிரரைப் பார்க்கிற இடத்திலேயே பிம்பமாக நிற்கும்.

அதே நேரம் நிறத்தைவிட அளவுதான் முக்கியம். கண்ணைப் பறிக்கிற சிவப்பைவிட, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கலான வெள்ளை மேல். வெளிச்சத்தைக் குறைக்கிற வசதி இல்லாத ஸ்ட்ரிப்பை வாங்கவே வேண்டாம். மாசி மகத்துக்கு கிள்ளை தீர்த்தவாரிக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பும்போது, பின் சீட்டில் பிள்ளைகள் கேட்டாலும் மின்னுகிற மோடு ஓடும் வண்டியில் வேண்டாம்.

போலீஸ் பிடித்தால்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், 108-வது விதி முன்பக்கம் சிவப்பு விளக்கும், பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிற விளக்கும் காட்டக் கூடாது என்கிறது. வண்டியின் உள் விளக்குக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஆக, ரூம் லைட் நிறத்தை மாற்றியதற்காக மட்டும் இந்த விதியைக் காட்டி ஃபைன் போடுவது கஷ்டம்.

ஆனால் விலக்கு உள் விளக்குக்கு மட்டும்தான். முன் கிரில்லிலோ வண்டிக்கு அடியிலோ ஸ்ட்ரிப் ஒட்டினால் அது உள் விளக்கு கிடையாது. டேஷ்போர்டில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன விட்டால், எதிரே வருகிறவருக்கு அது போலீஸ் வண்டி. 2017 மே 1 முதல் அமைச்சர் கார்களிலேயே சுழல் விளக்கு எடுக்கப்பட்டுவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கேரளாவில் கெடுபிடி அதிகம். 2022 அக்டோபர் 5 ராத்திரி, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் ஊட்டிக்குச் சுற்றுலா போன பள்ளி மாணவர்களின் பஸ், அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. மாணவர்கள் 5 பேர் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதிவேகம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது, விளக்கு இல்லை. ஆனாலும் கண்ணைப் பறிக்கும் விளக்கும் தடை செய்த ஹாரனும் வைத்த அந்த பஸ்ஸுக்கு எஃப்சி கொடுத்தது யார் என்று கேரள உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. பல கலர் எல்இடி, லேசர், நியான் விளக்கு பொருத்திய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி அதன் பிறகும் உத்தரவுகள் வந்தன. கார்த்திகையில் மாலை போட்டு குமுளி வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ சபரிமலை கிளம்புகிறவர்கள், எல்லைக்கு முன்னாலேயே கலர் லைட்டைக் கழட்டிவிடுவது நல்லது.

வாரண்டி இருக்கிற காரில் ஒயரை வெட்டி லைன் எடுத்திருந்தால், பின்னாளில் வரும் எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு உண்டு. கழட்டிய பழைய பல்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரு காகிதத்தில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். சர்வீஸுக்கோ எஃப்சிக்கோ விடுகிற அன்று மாற்றிக்கொள்ள ஐந்து நிமிஷம்தான் ஆகும்.