பழைய ஜீப்புக்குப் புதிய வலு

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே சென்றால் பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது களியக்காவிளை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. எல்லை பிரித்த மக்களை இன்றும் ஒன்றாய்ச் சுமக்கும் ஊர்திகளுள் ஒன்று ஜீப். வெள்ளறடை, அம்பூரி மலைச்சரிவுகளில் ரப்பர் ஷீட்டையும் மரச்சீனியையும் ஆட்களையும் ஏற்றி இறக்கும் பழைய டீசல் ஜீப்புகளை நாம் அறிவோம்.

பிழைப்பு நாடி இப்பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். என் தாய்மாமனின் வாழ்வு அத்தகைய ஜீப் ஒன்றையே நம்பியுள்ளது. “மக்களே, ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குது. டர்போ வெச்சா சரியாகுமா?” என்று பௌதிகம் படிக்கும் என்னிடம் அவர் கேட்டார். அக்கேள்விக்கு உரிய விடையை இங்கு விரித்துரைக்க முற்படுகிறேன்.

டீசல் எஞ்சினின் வலு எதைப் பொறுத்தது? எண்ணெயை என்பர் பலர். உண்மையில் காற்றையே பொறுத்தது. மகிந்திரா ஜீப்புகள் பலவற்றில் உள்ள பூஷோ வடிவமைப்பு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 2112 கன செ.மீ. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் ஏறத்தாழ 2100 லிட்டர் காற்று. உருளைகள் முற்றும் நிரம்புவதில்லை ஆதலால் அதன் எடை சுமார் 2 கிலோ எனக் கொள்ளலாம். ஒரு பங்கு டீசல் எரிய வேதியியல் கணக்குப்படி 14.5 பங்கு காற்று போதும். ஆனால் எண்ணெயும் காற்றும் நன்கு கலக்க நேரமில்லாமையால், கரும்புகையின்றி எரிய ஏறத்தாழ 20 பங்கு வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 100 கிராம் டீசலே அந்த வேகத்தில் எஞ்சின் செவ்வனே செரிக்கக்கூடிய உணவு.

பம்ப்பின் திருகைச் சற்றே திருப்பி எண்ணெயைக் கூட்டினால் என்ன ஆகும்? தொடக்கத்தில் சிறிது வலு கூடும். பிறகு கூடுவது புகையும் சூடுமே. பிஸ்டனின் தலை உருகுமளவுக்கும் அச்சூடு ஏறக்கூடும். கரும்புகை வலுவின் அடையாளம் அன்று; எரியாமல் வீணான காசின் அடையாளம்.

ஆதலின் முதல் வேலை, இழந்த வலுவை மீட்பது. அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த நாசில், தவறிய வால்வு இடைவெளி, நழுவும் கிளட்ச், உப்புப் படிந்த ரேடியேட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உருளைகளின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அழுத்தமே குறைந்த எஞ்சினில் வேறெதைப் பூட்டினும் பயனில்லை. எஞ்சின் எங்கிருந்து மூச்சு விடுகிறது என்பதும் முக்கியம். 20 பாகை வெப்பமுள்ள காற்றைவிட 40 பாகைக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 6 விழுக்காடு குறைவு. எஞ்சினின் சூட்டுக்காற்றை விட்டு வெளிக்காற்றை இழுக்கச் செய்தால் அதிகச் செலவின்றியே சிறிது வலு கிடைக்கும்.

அடுத்து டயர். வண்டியின் தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டுவோர் பலர். 28.5 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதில் 31 அங்குல டயர் மாட்டினால், சக்கரம் தரையில் செலுத்தும் இழுவிசை சுமார் 8 விழுக்காடு குறைகிறது. பிரேக்கும் அதே அளவில் வலுவிழக்கிறது. வேகமானியோ உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. இழுவை போதவில்லை என்று வருந்துவோர் இருக்கும் இழுவையையும் காசு கொடுத்துக் குறைப்பது விந்தையன்றோ! சேற்றுச் சரிவுகளில் இழுவையைப் பெருக்குவதற்கென்றே நான்கு சக்கர ஜீப்பில் தாழ்கியர் உள்ளது. அது இழுவையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைத் தவிர்க்க வேண்டும். இல்லையேல் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

இனி டர்போவுக்கு வருவோம். வீணாகும் புகைக்காற்றின் விசையால் சுழன்று, புதுக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி இது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று கூடினால் எண்ணெயையும் கூட்டலாம். வலு மெய்யாகவே பெருகும். ஆனால் அழுத்தமும் சூடும் உடன்பெருகும். முன்பே 20க்கு மேற்பட்ட அழுத்த விகிதத்தில் உழைக்கும் பழைய எஞ்சினின் கேஸ்கெட்டும் பிஸ்டனும் பேரிங்கும் அதைத் தாங்குமா? கிளட்சும் கியர்ப்பெட்டியும் தாங்குமா? ஒன்றுக்கு வலுவூட்டப் புகுந்து அனைத்தையும் மாற்ற நேரிடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். எல்லையைத் தாண்டிப் போய்ப் பூட்டிவரலாமே என்பார் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் நடுவண் சட்டம்; அதற்குப் பாறசாலையும் களியக்காவிளையும் ஒன்றே.

நண்பர்களே, இன்னொரு கணக்கு. வேகம் 40 கி.மீ.யிலிருந்து 50க்கு உயர்ந்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பழைய ஜீப்புகள் பலவற்றில் இருப்பவை டிரம் பிரேக்குகளே. ஏற்றத்தில் வலு குறைந்தால் நேரந்தான் போகும். இறக்கத்தில் பிரேக் குறைந்தால் உயிர் போகும். ஆகவே கையிலுள்ள பணத்தை இவ்வரிசையில் செலவிடுவதே அறிவுடைமை: முதலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும், பின்னர் குளிர்விப்பு, அதன்பின் காற்றும் நாசிலும் கிளட்சும், இறுதியாகச் சரியான அளவு டயர். இவ்வளவும் செய்தபின் மீண்டும் அதே சுமையோடு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். டர்போ தேவையா என்ற கேள்விக்கு அந்த ஏற்றமே விடை சொல்லிவிடும்.