ஆதார் உறுதிப்பாட்டில் எக்ஸ்எம்எல் செய்திப் பாதுகாப்பு

ஆதார் உறுதிப்பாடு என்பது, ஒருவர் தரும் விவரம் அவருடைய ஆதார் எண்ணுக்கு உரியதுதானா என்று இணையச் சேவை வழியே சரிபார்க்கும் முறையாகும். திருச்சுழி போன்ற ஊர்களின் நியாயவிலைக் கடையில் வைக்கும் விரல்ரேகையும் எக்ஸ்எம்எல் செய்தியாகவே ஆதார் ஆணையத்தை அடைகிறது.

விரல்ரேகையும் நேரக்குறிப்பும் அடங்கிய பகுதி, ஒருமுறை மட்டும் பயன்படும் 256 பிட் ஏஇஎஸ் திறவுகோலால் மறையாக்கம் செய்யப்படுகிறது. அத்திறவுகோல் ஆணையத்தின் 2048 பிட் ஆர்எஸ்ஏ பொதுத் திறவுகோலால் பூட்டப்படுகிறது. ஆணையம் மட்டுமே அதைத் திறக்க இயலும். செய்தி இடையில் திருத்தப்பட்டால் மின்னொப்பம் காட்டிக்கொடுக்கும். பழைய செய்தியை மீண்டும் அனுப்புவதைத் தடுக்க நேரக்குறிப்பு உதவும். ஆம் அல்லது இல்லை என்ற விடையும் ஒப்பமிடப்பட்டே வருகிறது.

கடவுச்சொல்லை மாற்றலாம், விரல்ரேகையை மாற்ற இயலாது. எனவே இக்காப்பு இன்றியமையாதது. ஆனால் உழைப்பில் தேய்ந்த ரேகையைக் கருவி படிக்கத் தவறினால், 'இல்லை' என்ற விடையும் பத்திரமாகவே வந்து சேரும். அது ஆள்மாறாட்டத்துக்குச் சான்றாகாது.