பெட்டி வந்தது, பாடம் வந்ததா?

பள்ளிக்கூடத்திலே கருவி புகுந்தால் போதும், கல்வி தானே பொங்கி வழியும் என்று பேசுவோர் உண்டு. அவர்களை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சற்றே பார்க்கச் சொல்கிறோம் நாம்.

ஆறு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள். அத்தனை பேர் கையிலும் ஆளுக்கொரு ஐபேட்! 2013 ஜூன் மாதத்திலே, முதல் தவணையாக 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது கல்விக் குழு. முழுத் திட்டத்துக்கும் 100 கோடி டாலர் ஆகுமென்று கணக்கு. பணம் ஏது? பள்ளிக் கட்டடத்துக்கென்று வாக்காளர்கள் அனுமதித்த கடன்பத்திரப் பணம்! கருவியின் ஆயுள் சில ஆண்டு. கடனின் ஆயுளோ இருபது ஆண்டுக்கும் மேல். அடைக்கப்போவது யார்? உழைத்து வரி கட்டுபவன்தான்!

பெட்டி வந்தது. பாடம் வந்ததா? விலைக்கு வாங்கிய பாடம் அரைகுறையாக வந்தது. ஆசிரியருக்குச் சில நாள் பயிற்சி, அவ்வளவே. ஒரு பள்ளியிலே ஏறத்தாழ 300 மாணவர்கள், ஒரு வாரத்துக்குள் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, தடை செய்த தளங்களிலே தாராளமாக உலவினார்கள். பூட்டியவர் அதிகாரி, திறந்தவன் மாணவன்! பிள்ளைகளைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. 2014 ஆகஸ்டிலே ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது; அக்டோபரிலே கல்வித் தலைமை அதிகாரி ஜான் டீசி பதவி விலகினார்.

அதே நாட்டிலே, வட கரோலினா மாநிலத்திலே, மூர்ஸ்வில் என்றோர் சிற்றூர். அங்கே அப்போது கல்வித் தலைமை அதிகாரியாக இருந்தவர் மார்க் எட்வர்ட்ஸ். 2007 இறுதியிலே அவர் மடிக்கணினியை முதலில் தந்தது ஆசிரியர்களுக்கு! அவர்கள் பழகிய பிறகே மாணவர்களுக்கு. பழுதுபார்க்க ஆண்டுக்கு 50 டாலர் கேட்டார். இயலாத பெற்றோருக்கு விலக்கு அளித்தார். பள்ளிப் படிப்பை முடித்தோர் 2008இல் நூற்றுக்கு 80, 2011இல் 91. கருவியா காரணம்? இரண்டு ஊரிலும் ஒரே ஆப்பிள் கம்பெனியின் சரக்குதான், தோழர்களே! யாருக்கு முதலில், எவ்வளவு அவகாசத்தில் என்று தீர்மானித்த தலைமையிலேதான் வேறுபாடு.

ஆனாலும் கை தட்டுமுன் இதையும் கேளுங்கள். பணமுடை வந்தபோது மூர்ஸ்வில்லிலே 65 வேலைகள் ஒழிக்கப்பட்டன. அவற்றிலே 37 ஆசிரியர் வேலைகள். நடுநிலைப் பள்ளியிலே 18 பேர் இருந்த வகுப்பிலே 30 பேர். கருவி துணையிருக்கச் சமாளிக்கலாம் என்றது நிர்வாகம். 18 பிள்ளைகளின் முகம் அறிந்த ஆசிரியை, 30 முகங்களையும் அப்படியே அறிவாரா? அதையும் நாம் கேட்கத்தான் செய்வோம்.