பதினைந்து ரப்பர் கொட்டைகள்

ரப்பர் காய் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் மலாக்காவில் இன்னும் இருக்கிறார்கள். வெயில் ஏற ஏற, மூன்று அறையாக இறுகிக் கிடக்கும் காய் ‘டப்’பென்று பிளந்து கொட்டைகளை எட்ட எறியும். பழுப்பில் வரி வரியாக, வழவழவென்று இருக்கும். அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற விடுவது தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. ரப்பர் கொட்டை கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து போதும். மூன்று குவளையும் வேண்டும்.

ஒரு தோட்டக் கோயிலுக்குத் தலைவர் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். நிற்பவர்கள் மூவர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், லோரி ஓட்டுபவர். ஓட்டு 15. ஆறு பேருக்கு ஆசிரியர்தான் முதல், அவர் இல்லையென்றால் லோரிக்காரர், கடைக்காரர் கடைசி. ஐந்து பேருக்குக் கடைக்காரர் முதல், அடுத்து லோரிக்காரர், ஆசிரியர் கடைசி. மீதி நாலு பேருக்கு லோரிக்காரர் முதல், அடுத்து கடைக்காரர், ஆசிரியர் கடைசி.

யார் தலைவர்? எண்ணும் விதியைச் சொல்லுங்கள், நான் ஆளைச் சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு கொட்டை போட்டால் ஆறு, ஐந்து, நாலு. ஆசிரியர் ஜெயித்தார். பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி என்று சொல்லிவிட்டு, கடைசியில் நிற்பவரைக் கழித்து மறுபடி எண்ணுங்கள். லோரிக்காரரின் நாலு கொட்டையும் கடைக்காரர் குவளைக்குப் போகும். ஒன்பதுக்கு ஆறு என்று கடைக்காரர் ஜெயிப்பார். இப்போது இருவர் இருவராக மோத விடுங்கள். லோரிக்காரரும் ஆசிரியரும் மட்டும் நின்றால் ஒன்பதுக்கு ஆறு, லோரிக்காரர். லோரிக்காரரும் கடைக்காரரும் நின்றால் பத்துக்கு ஐந்து, மறுபடியும் லோரிக்காரர். ஒருவர்கூட மனம் மாறவில்லை. விதி மாறியபோதெல்லாம் தலைவர் மாறிவிட்டார்.

இந்த வேடிக்கையைக் கணக்காக எழுதிக் காட்டியவர் பிரெஞ்சுக்காரரான கொண்டோர்சே; 1785இல் நூலாகவே போட்டார். பிறகு 1951இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ இன்னும் கலவரமான ஒன்றை நிரூபித்தார். மூன்று பேரோ அதற்கு மேலோ நின்றால், நியாயமென்று நாம் நினைக்கும் சில நிபந்தனைகள் அத்தனைக்கும் ஒருசேர அடங்கும் வரிசைப்படுத்தல் முறை எதுவும் இருக்க முடியாது. குறையில்லாத முறை கிடையாது என்பதால் எல்லா முறையும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. எல்லாக் கத்தியும் மழுங்கும். அதற்காகக் கரண்டியால் பால்மரம் வெட்டுவார்களா?

கட்சித் தேர்தலுக்கு வருவோம். மலாக்காவின் முன்னாள் முதலமைச்சர் கஃபார் பாபா 1987இல் அம்னோ துணைத் தலைவர் பதவிக்கு மூசா ஹீத்தாமை எதிர்த்து நின்றார். கஃபாருக்கு 739, மூசாவுக்கு 699. செல்லாத ஓட்டு 41. வித்தியாசம் 40தான், செல்லாத ஓட்டு அதைவிட ஒன்று கூட! அதே நாளில் தலைவர் பதவிக்கு மகாதீர் 761, தெங்கு ரசாலி 718. அம்னோ தலைவரே பிரதமர் என்றிருந்த காலம் அது. ஆக, நாட்டின் பிரதமர் யார் என்பதை 1,479 பேராளர்கள் முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகுதான் விதி மாறியது. ஒரு தொகுதி யாரை முன்மொழிகிறதோ அவருக்குப் பத்து ‘போனஸ்’ ஓட்டு. 1993இல் அதே கஃபாரை எதிர்த்து அன்வார் இப்ராஹிம் இறங்கியபோது 153 தொகுதிகளில் 145 அன்வாரை முன்மொழிந்தன. பேராளர் ஒருவர்கூடச் சீட்டைத் தொடும் முன்பே 1,450 ஓட்டு! கஃபார் போட்டியிடாமலே விலகிக்கொண்டார். நாற்பது ஓட்டில் கிடைத்த பதவி ஓட்டெடுப்பே இல்லாமல் போயிற்று. வாசலை யார் காவல் காக்கிறார் என்பது உள்ளே நடப்பதைவிடப் பெரிய விஷயம். கிராம சபைக்கு ஆள் தேர்ந்த விதியைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் குடத்தில் ஓலை எடுப்பதைவிட, யார் பெயர் குடத்துக்குள் போகலாம், யார் பெயர் போகக்கூடாது என்பதைப் பற்றித்தான் அதிகப் பேச்சு.

பின்னர் அம்னோ தலைவர் பதவிக்கு நிற்கவே 30 விழுக்காட்டுத் தொகுதிகளின் முன்மொழிவு வேண்டும் என்ற விதி இருந்தது. 2008இல் தெங்கு ரசாலிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. நஜிப் போட்டியின்றி வந்தார். 2009இல் அந்த வாசலைத் திறந்து, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் உறுப்பினர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தார்கள். கெஅடிலான் கட்சி 2010இல் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு என்று நேரடித் தேர்தலே நடத்தியது. ம.இ.கா.வின் கதை நம் வீட்டுக் கதை. 1977இல் துணைத் தலைவர் பதவியை சாமிவேலு 26 ஓட்டில் வென்றார். 1979இல் தலைவர் மாணிக்கவாசகம் மறைந்ததும் தலைமை அவர் கைக்கு வந்தது. 2010 வரை அங்கேயே இருந்தது.

அமெரிக்காவில் 1968இல் ஒரு முதற்கட்டத் தேர்தலில்கூட நிற்காமல் ஹம்ஃப்ரி ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். கட்சி மாநாடு நடந்த சிகாகோ தெருவில் அடிதடி. அதன்பின் தேர்வைக் கட்சிப் பெரியவர்களிடமிருந்து பிடுங்கி வாக்காளர் கையில் கொடுத்தார்கள். வாசல் அகலமானது சரி. கூட்டம் பெருகியபோது ஆறு, ஐந்து, நாலு கணக்கு அங்கும் வந்து நின்றது. 2016இல் தென் கரோலினாவில், குடியரசுக் கட்சியின் முதற்கட்டத்தில் ட்ரம்ப் வாங்கியது ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே. மற்ற ஓட்டெல்லாம் ஐந்து பேருக்கிடையே சிதறிப்போனது. அலாஸ்கா மாநிலம் வேறு வழி பார்த்தது. 2022 முதல் அங்கே முதற்கட்டத்தில் நாலு பேர் தேறுவார்கள், இறுதியில் வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையிடுவார். நம் கடைக்காரர் ஜெயித்த முறைதான் அது.

கோயில் கூட்டத்துக்கு, கட்சிக் கிளைக் கூட்டத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்பது என் எண்ணம். பிடித்தவர் ஒருவருக்கு மட்டும் கை தூக்கு என்பதை விட்டுவிட்டு, ஏற்கத்தக்கவர் எல்லாருக்கும் கை தூக்கலாம் என்று சொன்னால் போதும். சீட்டு வேண்டாம், கணினி வேண்டாம். கொட்டைகளை மறுபடி எடுங்கள். ஒவ்வொருவரும் தம் முதல் இருவரை ஏற்பதாக வைத்துக்கொண்டு போடுங்கள். ஆசிரியருக்கு ஆறு, கடைக்காரருக்கு ஒன்பது, லோரிக்காரருக்குப் பதினைந்து.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் யார் நிற்கிறார் என்று கேட்பதற்கு முன், எப்படி எண்ணப்போகிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள்.